ஒரு சில்லும் பல பெயர்களும்

கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் புகும் மாணாக்கர், "எந்தக் கம்பெனி சிறந்தது?" என்றே முதற்கண் வினவுகின்றனர். இவ்வினாவே பொருத்தமற்றதென்பது நம் கருத்து. என்விடியாவின் ஒரே வகைச் சில்லினை ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஜோடாக் முதலிய கம்பெனியார் பெற்று, தத்தம் பலகையிற் பொருத்தி, விசிறியும் வெப்பந் தணிக்கும் உலோகத் தகடுகளும் பூட்டி, வெவ்வேறு விலைக்கு விற்கின்றனர். வேகத்தில் வேற்றுமை மிகச் சிறிதே. சூடு, இரைச்சல், உத்தரவாதம் இவற்றிலேயே வேறுபாடு மிகுதி. வண்ண விளக்குகளுக்காக ஆயிரக்கணக்கில் மிகுபொருள் ஈவாரை என்னென்பது!

பெயரே போதுமெனின், ஈவிஜிஏ என்னும் அமெரிக்கக் கம்பெனியை நோக்குக. பழுதுற்றவற்றை மாற்றித் தருவதில் நற்பெயர் பெற்றிருந்த அதுவும் 2022 செப்டம்பரில் இத்தொழிலைக் கைவிட்டது. எனினும், முன்னரே விற்றவற்றின் உத்தரவாதத்தைக் காப்பதாக அறிவித்தது. வாங்கியோர்க்கு எஞ்சிய துணை அவ்வுத்தரவாதமேயன்றோ?

ஆதலின், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதுபார்க்கும் நிலையம் அண்மையில் உளதா என்பவற்றை முன்னர்க் கேட்டு, விலையைப் பின்னர்க் கேட்டல் தகும். அயல்நாட்டினின்று மலிவாக வருவித்த கார்டுக்கு உத்தரவாதம் இங்குச் செல்லுமா என்பதையும் விசாரித்தல் வேண்டும். கடைக்காரர் தரும் சீட்டின் எழுத்தோ, உத்தரவாதம் முடியுமுன்னரே மங்கிவிடக்கூடும். வாங்கிய அன்றே அதற்கொரு நகலெடுத்து வைத்தல் நன்று.