தாய்க்கு மூத்த பிள்ளை

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் திருக்கழுக்குன்றம். அத்தலத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகத்தின் பண் நட்டபாடை. ஓதுவார் மரபில் அது கம்பீரநாட்டை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மல்லாரி வாசிக்கிறாரே, அதே ராகம்.

இது 36-வது மேளமான சலநாட்டையில் 'பிறந்தது' என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள். சுந்தரர் 8-ஆம் நூற்றாண்டினர். வேங்கடமகி 72 மேளங்களை வகுத்ததோ 17-ஆம் நூற்றாண்டில்! தாய்க்கு முன்னே பிள்ளை பிறக்குமா?

தாய் எது என்பதிலும் வழக்கு உண்டு. இந்த ராகத்தில் ரிஷபமும் தைவதமும் கிடையாது. மிச்சமுள்ள ஐந்து ஸ்வரங்கள் சங்கராபரணத்திலும் இருக்கின்றன, மாயாமாளவகௌளையிலும் இருக்கின்றன. கணக்குப் பார்த்தால் ஒன்பது மேளங்கள் உரிமை கொண்டாடலாம். நாட்டையின் சாயலைக் கண்டுதான் சலநாட்டையில் சேர்த்தார்கள். மேளம் அடுக்கி வைக்கும் அலமாரி, பெற்றவள் அல்ல. மேள எண்ணை உருப்போடுமுன், பிள்ளைகள் ஒரு மல்லாரியாவது கேட்கட்டுமே!