கசிவுக்குக் கெடு எங்கே?

விடியுமுன் பெரட்டு. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பெயர் இல்லை. வெயில் ஏறுமுன் வெட்டு முடிய வேண்டும். பால் கட்டியாகுமுன் ஸ்டோருக்குச் சேர வேண்டும். கிராணிமாருக்கோ மாதக் கணக்கு முடிக்கும் நாள் தவறக் கூடாது. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கெடு உண்டு. பிந்தினால் தண்டனையும் உண்டு. ஆனால், மண்ணுக்கடியில் ஓடும் வாயுக் குழாய் கசிந்தால், அதை இத்தனை மணிக்குள் அடைத்தாக வேண்டும் என்ற கெடு எந்தப் பலகையில் எழுதித் தொங்குகிறது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

திரங்கானுவின் கெர்த்தேயிலிருந்து புறப்படும் பெட்ரோனாஸ் வாயுக் குழாய் நம் சிகாமட்டில் பிரிகிறது. ஒரு கிளை மேற்கே கிள்ளானை நோக்கிப் போகிறது. மற்றொன்று ஜொகூரைக் கடந்து சிங்கப்பூர் வரை செல்கிறது. தீபகற்பம் முழுவதும் இக்குழாய்கள் 2,500 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. ரப்பரும் செம்பனையும் நிற்கும் நிலங்களினூடே அவை போகின்றன. வாயு ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் போகிறது. அபாயம் வழியில் வாழ்கிறவனுக்கு!

2025 ஏப்ரல் 1-ந் தேதி, நோன்புப் பெருநாளின் மறுநாள், சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் நடந்ததை நாடே கண்டது. காலை 8 மணிக்குப் பின் குழாய் வெடித்துத் தீ எழுந்தது. வால்வுகளை மூடிய பின்னரும் குழாயில் எஞ்சிய வாயு எரிந்துகொண்டே இருந்தது. பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குத்தான் தீ அடங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். வீடுகளும் வாகனங்களும் சாம்பலாயின. அடிமண் இளகிக் குழாய்க்குத் தாங்கல் குறைந்தது என்று விசாரணை கூறியது. அங்கே கசிவைக் கண்டு சொல்லக்கூட எவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அப்படியானால், அவகாசம் கிடைக்கும் இடத்தில் அதை வீணாக்குவது எத்தகைய குற்றம்!

அவகாசம் கிடைத்தும் வீணான கதைகள் உண்டு. 2014 ஜூலை 31-ந் தேதி இரவு, தைவானின் காவ்சியுங் நகரில் ஒன்பது மணிக்கு முன்பே வாயு நாற்றம் பற்றித் தகவல் போயிற்று. வெடித்தது நள்ளிரவை ஒட்டி. இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம்! மாண்டவர் 32 பேர். அதே ஆண்டு ஜூன் 27-ந் தேதி விடியற்காலையில், ஆந்திராவின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் கசிந்து தீப்பற்றியது. இருபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கசிவைப் பற்றி முன்பே முறையிட்டோம் என்று ஊர் மக்கள் கதறினர். யார் செவியில் ஏறிற்று?

நம் ஜொகூரிலும் பாடம் உண்டு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டியது இரசாயனக் கழிவு. குழாய்க் கசிவு அன்று. ஆனால் தாமதத்தின் விலை ஒன்றே. 7-ந் தேதி நச்சுக் காற்று எழுந்தது. கழிவை முழுதும் அகற்றி முடிக்குமுன் 11-ந் தேதி மீண்டும் எழுந்தது. 13-ந் தேதி 111 பள்ளிகள் மூடப்பட்டன.

"எல்லாக் கசிவும் ஆபத்தல்ல, ஒவ்வொன்றுக்கும் மண்ணைத் தோண்டினால் செலவு தாங்காது" என்பார்கள் முதலாளிமார். நன்று! அப்படியானால் தரம் பிரித்து எழுதுங்கள். அமெரிக்காவில் 2023-ல் முன்மொழிந்த விதி அதைத்தான் செய்தது: உயிருக்கு அபாயமான கசிவுக்கு உடனடி நடவடிக்கை, இரண்டாந்தரக் கசிவு ஆறு மாதத்துக்குள், மூன்றாந்தரம் 24 மாதத்துக்குள். அதற்கு முன் அங்கிருந்தது, அபாயக் கசிவை "விரைவில்" சீர் செய்க என்ற சொல் மட்டுமே. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் புதிய விதி நிறுத்தப்பட்டது. கெடுவைக் கண்டு அஞ்சுகிறவர்கள் எங்கும் உண்டு. "விரைவில்" என்றால் எத்தனை மணி? நம் கூலியை "விரைவில்" தருவோம் என்றால் ஒப்புக்கொள்வோமா?

தோழர்களே! குழாயைக் காவல் காக்க வருகிறவர் எப்போதோ வருவார். இருட்டோடு நிரைக்குப் போகிற வெட்டுக்காரரே முதலில் காண்பவர். இயற்கை வாயுவுக்குத் தானாக மணம் கிடையாது. வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் பிரித்து அனுப்பும்போது மணமூட்டுவதே வழக்கம். ஆகவே மூக்கை மட்டும் நம்பாதீர். சீறும் ஓசை, காரணமின்றிப் பழுத்துச் சாகும் புல், ஈர மண்ணில் கொப்புளிக்கும் குமிழி, இவற்றைக் கவனியுங்கள். கண்டால் நெருப்பு மூட்டாதீர், வண்டியை முடுக்காதீர், கைப்பேசியையும் அங்கே எடுக்காதீர். காற்று வரும் திசையை நோக்கித் தொலைவாக விலகி, பிறகு 999-ஐ அழையுங்கள். கிராணி நண்பர்களே, யார், எங்கே, எத்தனை மணிக்குச் சொன்னார் என்று புத்தகத்தில் பதியுங்கள். எழுத்தில் ஏறாத முறையீட்டை நாளை மறுத்துவிடுவார்கள்.

2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு ஓர் உரிமையைத் தருகிறது. உடனடி அபாயம் உண்டென நம்ப நியாயமிருந்து, முதலாளி அதை நீக்க முன்வராவிட்டால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. 1991-ல் சுங்கை பூலோ பட்டாசு ஆலையில் 26 உயிர் போன பிறகே 1994-ல் இச்சட்டம் பிறந்தது. பிணம் விழுந்தால்தான் சட்டம் எழுமா?

நாம் கேட்பது நான்கு. கசிவைத் தரம் பிரித்து, ஆள் வந்து சேரவும் அடைத்து முடிக்கவும் மணிக்கணக்கில் சட்டமே கெடு விதிக்க வேண்டும். குழாய் செல்லும் தோட்டம்தோறும் அக்கெடுவும் அழைக்கும் எண்ணும் மலாயிலும் தமிழிலும், இன்று நம்மோடு உழைக்கும் அயல்நாட்டுத் தோழர்களின் மொழிகளிலும் பலகையில் ஏற வேண்டும். கசிவுக்காக வெட்டு நின்ற நாளுக்கு முழுக்கூலி என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பழுது தீர்ந்ததும், எப்போது தகவல் வந்தது, எப்போது அடைத்தது என்ற கணக்கைச் சங்கத்துக்குத் தர வேண்டும்.

ஐந்து நிமிடம் பிந்திய வெட்டுக்காரனைத் திருப்பி அனுப்பும் நிர்வாகமே, உன் பக்கத்துக் குழாய்க்காரனுக்கும் ஒரு கடிகாரம் மாட்டச் சொல்! கிளைக்கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள், தோழர்களே. கெடு எழுத்தில் வரும்வரை நாம் வாளாவிருக்கப் போவதில்லை.