அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: கண்ணில் பட்டாலும் இடம் கிடைக்காத பள்ளி வீரர்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அளவில் அந்நாட்டுப் பாணிக் கால்பந்து விளையாடும் மாணவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். அவர்களுள் சுமார் 7 சதவீதத்தினரே தேசியக் கல்லூரித் தடகளச் சங்கத்தின் (என்சிஏஏ) கீழ் இயங்கும் கல்லூரி அணிகளில் இடம்பெறுகின்றனர். முதல் பிரிவு எனப்படும் உயர்மட்டத்தை எட்டுவோர் ஏறத்தாழ 3 சதவீதம் மட்டுமே. கல்விக் கட்டணம் விண்ணைத் தொடும் நாட்டில், இந்த வாய்ப்பு வெறும் விளையாட்டுப் பெருமை அன்று. கடன் சுமையின்றிப் பட்டம் பெறுவதற்கான வழியும் ஆகும். ஆனால், கடந்த சில ஆண்டுகளில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள் அந்த வழியைப் பள்ளி மாணவர்களுக்கு மேலும் குறுகலாக்கியுள்ளன.

கண்ணில் படுவது எப்படி?

ஒரு மாணவர் கல்லூரிப் பயிற்சியாளர்களின் கவனத்துக்கு வருவதற்கான முதல் வாயில், அவருடைய ஆட்டக் காணொலி. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவர்கள் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஹடல்' என்ற நிறுவனத்தின் இணையத்தளத்தில், இன்று பெரும்பாலான பள்ளி அணிகள் தங்கள் ஆட்டப் பதிவுகளைச் சேமித்து வைக்கின்றன. அவற்றிலிருந்து தொகுக்கப்படும் சில நிமிடக் காணொலியே மாணவரின் அறிமுக அட்டை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் பதினோராம் ஆண்டின் ஆட்டங்களுக்கே அதிக மதிப்பு. இறுதியாண்டு தொடங்கும் முன்னரே பல அணிகள் தங்கள் பட்டியலை ஏறத்தாழ முடித்துவிடுகின்றன.

இரண்டாவது வாயில், பள்ளிப் பயிற்சியாளர். வசந்த காலத்தில் பள்ளிகளுக்கு நேரில் வரும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் முதலில் கேட்பது அவருடைய கருத்தைத்தான். மாணவரின் ஒழுக்கம், உழைப்பு, வகுப்பறை வருகை ஆகியவற்றைக் காணொலி காட்டாது, பயிற்சியாளர் சொல்லுவார்.

மூன்றாவது, கோடைக்கால முகாம்கள். கல்லூரி வளாகங்களில் நடைபெறும் இவற்றில் உயரம், எடை, 40 கெஜ ஓட்ட வேகம் போன்றவை நேரில் அளக்கப்படுகின்றன. பள்ளி வெளியிடும் அளவுகளை எளிதில் நம்பாத பயிற்சியாளர்கள், தாங்களே பார்த்த பின்னரே முடிவெடுக்க விரும்புகின்றனர். ஆனால் முகாம் கட்டணம், பயணச் செலவு, தங்குமிடம் அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரே கோடையில் பல வளாகங்களுக்குச் செல்ல முடிகிறது. மற்றவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள நேர்கிறது.

இவற்றோடு படிப்பும் சேர்கிறது. முதல் பிரிவில் ஆட, 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் 4-க்கு 2.3 என்ற சராசரித் தரப்புள்ளியாவது பெற்றிருக்க வேண்டும். களத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும், இந்தத் தகுதி இல்லாதவருக்கு முதலாண்டிலேயே ஆடும் வாய்ப்பு இல்லை.

மாறிய கணக்கு

பழைய முறையில் கல்லூரிகள் ஆண்டுதோறும் காலியாகும் இடங்களைப் பெரும்பாலும் பள்ளி முடித்து வரும் மாணவர்களைக் கொண்டே நிரப்பின. 2018 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்னும் இடமாற்றப் பதிவேடு அந்த நிலையை மாற்றியது. ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீரர் முன்பு ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் ஒருமுறை மட்டும் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. 2024 ஏப்ரல் முதல், படிப்பில் தகுதி பெற்றிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்றானது.

பயிற்சியாளரின் பார்வையில் இதன் பொருள் தெளிவானது. 17 வயதுச் சிறுவன் மூன்றாண்டுகளுக்குப் பின் எப்படி ஆடுவான் என்று கணிப்பதைவிட, 21 வயதில் கல்லூரிக் களத்தில் தன்னை நிரூபித்த ஒருவரை அழைத்துக்கொள்வது பாதுகாப்பானது. உடனடி வெற்றியைக் கேட்கும் நிர்வாகத்திடம் பொறுமைக்கு இடமில்லை.

அடுத்த மாற்றம், 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத் தீர்வு. இதன்படி, கல்லூரிகள் முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அதே தீர்வு, இதில் இணையும் கல்லூரிகளின் கால்பந்து அணியில் அதிகபட்சம் 105 பேர் என வரம்பு விதித்தது. உயர்மட்ட அணிகளில் முன்பு 85 உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. இப்போது 105 பேருக்கும் வழங்கலாம். கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால், உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் சேர்ந்து, உழைப்பால் முன்னேறும் 'வாக்-ஆன்' வீரர்களையும் சேர்த்துப் பல அணிகளில் 120 பேர் வரை இருந்தனர். அந்த வழிதான் இப்போது அடைபடுகிறது.

மேலும், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடிய காலத்தைத் தகுதிக் கணக்கில் சேர்ப்பதை எதிர்த்து வேண்டர்பில்ட் வீரர் டியேகோ பாவியா தொடர்ந்த வழக்கில், 2024 டிசம்பரில் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு வந்தது. அதையடுத்து, அதே நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் கூடுதலாக ஓராண்டு ஆட என்சிஏஏ அனுமதித்தது. மூத்த வீரர்கள் ஓராண்டு கூடுதலாக நீடித்தால், புதியவர்களுக்கான இடம் அந்த அளவுக்குக் குறையும்.

தவறவிட்ட கண்கள்

தேர்வாளர்களின் கணிப்பு தவறாததும் அன்று. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற வேளாண் சிற்றூரில் வளர்ந்த ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்தும் உதவித்தொகை அழைப்பு வரவில்லை. ஜூனியர் கல்லூரியில் சேர்ந்து, பயிற்சியாளர்களுக்கு ஏராளமான மின்னஞ்சல்களை அனுப்பி, வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். 2018-இல் தொழில்முறை லீகான என்எஃப்எல் தேர்வில் ஏழாவதாக அழைக்கப்பட்ட அவர், 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வென்றார்.

டெக்சாஸைச் சேர்ந்த கேம் வார்டின் பள்ளி அணி பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடுவதையே நம்பியது. எனவே அவருடைய எறிதிறனைக் காட்டும் காணொலிக்கே வழியில்லை. சிறிய கல்லூரியான இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட், மயாமி என இடம் மாறிய அவர், 2025 என்எஃப்எல் தேர்வில் முதல் வீரராக டென்னசி டைட்டன்ஸ் அணிக்குத் தேர்வானார்.

இவ்விரு கதைகளும் ஒரு முரணைச் சுட்டுகின்றன. வார்டை உயர்த்தியது எளிதான இடமாற்ற முறையே. ஆனால் அவருக்கு முதல் வாய்ப்பளித்தது, பள்ளி மாணவர் ஒருவரை நம்பி இடம் ஒதுக்கிய சிறிய கல்லூரி. பெரிய அணிகள் இடமாற்ற வீரர்களை நாடும்போது, அங்கு இடம் கிடைக்காத பள்ளி வீரர்கள் சிறிய கல்லூரிகளுக்கு நகர்கின்றனர். சிறிய கல்லூரிகளுக்குச் சென்றிருக்க வேண்டியவர்கள் அதற்கும் கீழே தள்ளப்படுகின்றனர். வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு இடமே இல்லாமல் போகிறது.

பெற்றோர் அறிய வேண்டியது

இச்சூழலில் வாய்மொழி அழைப்பை உறுதியான இடமாகக் கருதுவது ஆபத்து. அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தமே செல்லும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை என்றாலும், மதிப்பெண், குடும்ப வருமானம் ஆகியவற்றின் அடிப்படையில் நிதியுதவி அளிக்கின்றன. நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் வீரருக்கு, களத்தில் கிடைக்காத உதவி வகுப்பறை வழியாகக் கிடைக்கலாம்.

தொலைதூரச் சிற்றூரில் ஆடும் மாணவரையும் இன்று ஒரு காணொலி நாடெங்கும் காட்டிவிடும். கண்ணில் படாத குறை பெரிதும் நீங்கிவிட்டது. கண்டவர்கள் வளர்த்தெடுக்கக் காத்திருப்பார்களா என்பதே இப்போதைய கேள்வி. பள்ளி வீரர்களை வளர்ப்பதைக் கல்லூரிகள் கைவிட்டால், சில ஆண்டுகளில் இடமாற்றப் பதிவேட்டிலும் தேர்ந்த வீரர்கள் அருகிப்போவார்கள். விதை நெல்லை உண்டு முடித்தவருக்கு அடுத்த பருவம் விளைச்சல் இல்லை.