ஊரா, காலனியா?

சென்ற மாதம் ஒரு ராத்திரி. மதுரையில் வேலை முடித்து மேலூர் பக்கம் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் டிஜிலாக்கரில் காட்டினேன். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் பையைத் திறக்கச் சொன்னார்கள். சட்டைப்பைக்குள் கை நுழைந்தது. செல்போனைப் பிடுங்கி வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார் ஒருவர். எனக்குப் பின்னால் வந்த வண்டியின் நம்பர் பிளேட்டில் நம்பரைவிடப் பெரிதாகச் சாதிப் பெயர். அப்படி எழுதுவதே விதிமீறல். ஆனால் அதற்குத் தடுப்பு விலகியது.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போகலாம். போலீஸ் டார்ச் வெளிச்சத்தில் அது உயிரோடுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு. மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும். குடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாம். எந்தத் தெரு என்று கேட்டு அதை வைத்துப் பையைக் கிளற அந்தச் சட்டத்தில் இடமில்லை.

கஞ்சா சந்தேகமா? அதற்கும் வழிமுறை இருக்கிறது. உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 50. பொருளைக் கைப்பற்றினால் அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். என் வாட்ஸ்அப்பும் அதற்குள்தான் வரும். சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும். பிறந்த தெரு காரணமாகாது.

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும்?" என்பார்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் வாகனச் சோதனையின்போது ஆட்டோவில் வந்த தலித் இளைஞர் ஒருவர் பிடிக்கப்பட்டார். மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. வலிப்பு என்றார்கள். உடலில் காயங்கள் இருந்தன. பிறகு அது கொலை வழக்கானது, காவலர்கள் கைதானார்கள். 2021 ஜூனில் சேலம் மாவட்டச் சோதனைச் சாவடி ஒன்றில் வணிகர் ஒருவர் லத்தியால் அடிக்கப்பட்டு இறந்தார். பயம் குற்றத்தால் வருவதில்லை, தோழர்களே. நடந்ததைத் தெரிந்துவைத்திருப்பதால் வருகிறது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தென்மாவட்டங்களில் நம்மை வெட்ட வரும் அரிவாளும் இதே சாலைகளில்தான் வருகிறது. அதைப் பிடிக்கத்தான் சோதனை வேண்டும். காலனிப் பையன்களின் சட்டைப்பையைத் துழாவும் நேரத்தில், அந்த அரிவாள் சாதிப் பெயர் எழுதிய வண்டியில் சலாம் வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே கேட்போம்: நிறுத்துகிறவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கேமரா ஓட வேண்டும். ஏன் சோதித்தார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். ஊர், தெரு, சாதி கேட்பதைத் துறைரீதியாகத் தண்டிக்க வேண்டும்.

"எந்தச் சட்டப்படி, சார்?" என்று அன்று நான் கேட்கவில்லை. ராத்திரியில் தனியாக நிற்கிறவன் சட்டம் பேசினால் என்ன கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியைத் தனி ஆள் கேட்க முடியாது. நாம் எல்லோரும் சேர்ந்து, பகலில், ஆட்சியர் அலுவலக வாசலில் கேட்க வேண்டிய கேள்வி அது.