மையவாடிக்குள் பெக்கோ வேண்டாம்



மாரிக்கு முன் மையவாடியைத் துப்புரவாக்க வேண்டும் என்று எலுவன்குளம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. நல்ல விஷயம். ஆனால் பெக்கோ விட்டு வழித்து, மழைக்குப் பிறகு முளைப்பதற்குக் களைநாசினி அடிக்கலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. மீஸான் கட்டைகள் சாய்ந்துவிடும் என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது மண்ணுக்குள் கிடக்கும் காட்டு வெங்காயத்தைப் பற்றி. நரிவெங்காயம் என்றும் சொல்வார்கள்.

கோடையில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. இலை முழுக்கக் காய்ந்துபோய், குமிழ் மட்டும் உள்ளே உயிரோடு இருக்கும். பிறகு இலையே இல்லாமல் ஒரு பூங்கம்பு எழும். இலை இல்லாத செடி எப்படிப் பூக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். போன மாரியில் இலை சேர்த்து வைத்த உணவில்தான் பூக்கிறது. காய் வெடித்தால் தட்டையான கறுப்பு விதைகள் காற்றில் போகும். விதையிலிருந்து வரும் செடி பூக்கப் பல வருடம் எடுக்கும்.

மத்தியதரைக் கடல் கரைகளிலும் இதன் நெருங்கிய இனம் ஒன்று உண்டு. அரபியில் உன்ஸுல். அங்கும் நம்மைப் போலவே நீண்ட வரட்சி, பிறகு மழை. ஓகஸ்ட், செப்டெம்பரில், முதல் மழைக்கு முன்பே, ஆளுயரக் கம்பில் வெள்ளைப் பூ. பலஸ்தீனத்தில் அதைக் கபுறுகளில் நட்டு வைத்திருக்கிறார்கள். யெமனிலிருந்து ஸ்பெயின் வரை முஸ்லிம் மையவாடிகளில் காணப்படும் வெள்ளை ஐரிஸ் இன்னும் ஆச்சரியம். அது விதையே வைக்காது, கிழங்கைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அவ்வளவு தூரமும் அதைக் கொண்டுபோனது மனிதக் கைகள்தான்.

நபி (ஸல்) அவர்கள் இரண்டு கபுறுகளில் பச்சை மட்டையைப் பிளந்து நட்ட ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அது அவர்களுக்கு மட்டும் உரியதா என்ற விவாதத்தை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன்.

பெக்கோவின் வாளி மேல்மண்ணோடு குமிழையும் அள்ளிக்கொண்டு போகும். களைநாசினி அதைவிட மோசம். கிளைபோசேட் போன்ற மருந்து இலை வழியாக இறங்கிக் குமிழையே கொல்லும். புல் அடுத்த மழைக்கு எப்படியும் வரும், இது வராது.

பாம்பு பயம் நியாயமானது. அதற்கு நடைபாதையையும் கபுறுகளுக்கு இடையிலும் கையால் வெட்டினால் போதும். குமிழ் நஞ்சுதான், இதயத்தைத் தாக்கும், அதையும் மறைக்கவில்லை. ஒரு காலத்தில் உன்ஸுலிலிருந்து எலிப்பாஷாணமே செய்தார்கள். பிள்ளைகளிடம் தோண்டாதே, வாயில் வைக்காதே என்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. அதைச் செய்கிறேன்.

இலை காய்ந்து கிடக்கும் இப்போதே கத்தி, மண்வெட்டியோடு சிரமதானம் வைப்போம். மண்ணைக் கொத்தாமல் மேலே மட்டும் வெட்டுவோம். மாரியில் வரும் இலையைத் தானாக மஞ்சளாகும்வரை யாரும் தொட வேண்டாம். பள்ளி நிர்வாகம் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னால், ஜும்ஆவுக்குப் பிறகு மேல்வகுப்புப் பையன்களோடு நானும் வருகிறேன்.