கதை வாசித்தால் ஈமான் போய்விடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படுவதற்கு முன் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை நூலகத்தில் கிரேக்க, ரோமப் புராணக் கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. போன மாதம் ஒரு பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு போனது. அடுத்த நாள் வாட்ஸ்அப் குழுவில் அட்டைப் படம் வந்தது: "பிள்ளைகளுக்கு ஷிர்க் படிப்பிக்கிறார்கள்." இரண்டு நாளில் புத்தகம் அலுமாரியில் இல்லை. யாராவது அதில் ஒரு பக்கமாவது வாசித்தார்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தப் பெற்றாரின் பயத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. தவ்ஹீதைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. ஆனால் பொய்த் தெய்வத்தின் பெயரை அறிவதே தவறு என்றால், சூரா நஜ்மில் லாத், உஸ்ஸா, மனாத் என்ற பெயர்கள் ஏன் வருகின்றன? சூரா நூஹில் ஐந்து சிலைகளின் பெயர்கள் ஏன் வருகின்றன? ஹிப்ழு மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகள் அவற்றை மனனம் செய்கிறார்கள். இப்னுல் கல்பி அரபிகளின் சிலைகளைப் பற்றி "கிதாபுல் அஸ்னாம்" என்று தனி நூலே எழுதினார். அறிவது வேறு, வணங்குவது வேறு.

"அது அரபு வரலாறு சேர், இது வெள்ளைக்காரன் சரக்கு" என்று ஒரு நானா எழுதியிருந்தார். அதுவும் சரியில்லை. கி.மு. 700 அளவில் ஹெசியட் என்ற கிரேக்கக் கவிஞர் தெய்வங்களின் வம்சக் கதையைப் பாடினார். தகப்பனை மகன் கவிழ்க்கிறான், அவனை அவன் மகன் கவிழ்க்கிறான், கடைசியில் சியுஸ் அரசனாகிறான். இதே அமைப்பில் உள்ள கதை, ஹெசியட்டுக்குப் பல நூற்றாண்டு முந்திய ஹிட்டைட்டுக் களிமண் பலகைகளில் துருக்கியில் கிடைத்தது. சியுஸ் காளை வடிவில் தூக்கிப் போன இளவரசி ஐரோப்பா, கதைப்படி இன்றைய லெபனானில் உள்ள ஸூர் நகரத்துப் பெண். பிறகு ரோமர் வந்து சியுஸுக்கு ஜுப்பிட்டர் என்றும், அஃப்ரொடைட்டிக்கு வீனஸ் என்றும் தங்கள் பெயர்களைப் பொருத்திக்கொண்டார்கள். ஆக, இந்தக் கதைகளில் ஒரு பங்கு கிழக்கிலிருந்து போனது.

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நட்சத்திரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கிரேக்க வீரன் பெர்சியஸ், வெட்டிய தலையைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். கிரேக்கரிடம் அது பாம்புக் கூந்தல் மெடூசாவின் தலை. அரபியில் அது "ரஃஸுல் கூல்", பேயின் தலை. இன்றும் உலகம் முழுக்க வானியலாளர்கள் அந்த நட்சத்திரத்தை அல்கோல் என்றுதான் சொல்கிறார்கள். சங்கிலியில் கட்டிய ஆண்ட்ரோமிடாவையும் அவர் விடவில்லை. அந்த நட்சத்திரக் கூட்டத்தில் சின்ன மேகம் போலத் தெரிந்ததையும் குறித்து வைத்தார். அது ஒரு பெரிய விண்மீன் மண்டலம் என்று இப்போது நமக்குத் தெரியும். கதைக்குப் பயந்து படத்தைக் கிழித்திருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்குமா?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அப்பாஸியர் காலத்தில் மருத்துவம், கணிதம், தத்துவம் எல்லாம் அரபிக்கு வந்தன. ஹோமரின் காவியங்களும் கிரேக்க நாடகங்களும் வரவில்லை. உண்மை. அதற்கு விலையும் கொடுத்தோம். அரிஸ்டோட்டிலின் கவிதையியலை 10ஆம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா மொழிபெயர்த்தபோது, துன்பியல் நாடகத்தைப் "புகழ்ப்பாட்டு" என்றும் இன்பியல் நாடகத்தை "வசைப்பாட்டு" என்றும் எழுதினார். இப்னு ருஷ்த் போன்ற மேதைகூட அதையே பின்பற்ற வேண்டியதாயிற்று. அறிவு குறைந்ததால் அல்ல, அந்த நாடகங்கள் கையில் இல்லாததால். இலியட் முழுமையாக அரபுச் செய்யுளில் வர 1904 ஆயிற்று.

இன்று இந்தக் கதைகளிலிருந்து ஓடவும் முடியாது. ஜனவரி, ஜேனஸ் என்ற ரோமத் தெய்வத்தின் பெயர். மார்ச், போர்த் தெய்வம் மார்ஸின் பெயர். நீங்கள் பெருநாளைக்கு வாங்கிக் கொடுத்த நைக் சப்பாத்தின் பெயர் கிரேக்க வெற்றித் தெய்வத்தினுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் பாம்பு சுற்றிய தடி, மருத்துவத் தெய்வம் அஸ்கிளேப்பியஸின் தடி. புல்மோட்டை மணலில் உள்ள டைட்டேனியத்துக்கு டைட்டன்களின் பெயரை 1795இல் வைத்தார்கள். உங்கள் மகன் போனில் விளையாடும் கேம்களிலும் சியுஸ் வருகிறான். அங்கே விளக்கம் சொல்ல ஆள் இல்லை. வகுப்பில் நான் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இந்தத் தெய்வங்கள் பொறாமைப்படுகின்றன, களவெடுக்கின்றன, பொய் சொல்கின்றன. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்கரான ஸெனோபனீஸே இதைக் கண்டித்தார். குதிரைகளுக்குக் கை இருந்தால் அவை குதிரை வடிவில்தான் தெய்வம் வரையும் என்று கேலியும் செய்தார். இதை ஒரு தரம் 10 பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் சூரா இக்லாஸை ஓதச் சொல்லுங்கள். அர்த்தம் கூடுமா, குறையுமா?

புத்தகத்தை எடுத்தவர் யாரென்று நான் தேடவில்லை. எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.