பகிடியும் வதையும்

'பகிடிவதை' என்பது ஈழநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயின்று வழங்கும் ஒரு தொடர். இலக்கணம் கற்றோர் இதனை எவ்வாறு விரிப்பர்? பகிடியும் வதையும் என விரித்தால் உம்மைத்தொகை. பகிடியால் வதை என விரித்தால் மூன்றாம் வேற்றுமைத்தொகை. செய்கின்ற மூத்த மாணவர் முன்மொழியோடு நின்றுவிடுகின்றனர். படுகின்ற புதுமாணவருக்கோ பின்மொழி ஒன்றே எஞ்சுகின்றது. அப்பின்மொழி இலேசான சொல்லன்று. கம்பராமாயணத்தில் தாடகை வதை, வாலி வதை என்று படலங்கள் உண்டு. அங்கே வதை என்றால் கொலை.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 1975ஆம் ஆண்டிலே பேராதனையில், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் தாங்கிய விடுதியின் மேல்மாடியிலிருந்து ஒரு மாணவி இத்துன்பத்துக்குத் தப்பக் குதித்தார். பின்னர் எழுந்து நடக்க இயலாதவரானார். 1997ஆம் ஆண்டிலே அதே பேராதனையில் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் வலிந்து செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியினாற் சிறுநீரகம் பழுதுற்று மாண்டார். சொல் தன் பழைய பொருளுக்கே மீண்டுவிட்டது. மறு ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியற் கொடுமையோ கடுங்காயமோ விளைத்தாற் பத்து ஆண்டு வரை. சட்டம் வந்தது, வழக்கம் ஒழிந்திலது.

உயிர் போனால் ஊர் பேசுகின்றது. உயிர் போகாமலே ஆண்டுதோறும் பறிபோவது ஒன்று உண்டு. அதைப் பற்றியே யான் எழுத விழைகின்றேன்.

இருபது வயது வரை ஒரு பிள்ளை இன்னார் மகன், இன்ன ஊரான், இன்ன கல்லூரி மாணவன் என்றே அறியப்படுகின்றான். வடமராட்சியிலிருந்து பேராதனைக்கும், மாத்தறைப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பெட்டியோடு வந்திறங்குகின்ற அன்றே அம்மூன்றும் கழன்றுவிடுகின்றன. தெருவிற் கேட்கும் பாஷையும் வேறு. அஃது அச்சந்தான், ஆயினும் நல்ல அச்சம். அம்மா எழுப்பாமல் விடியலில் எழுவேனா? ஆசிரியர் சொல்லாமல் எந்த நூலை நூலகத்தில் எடுப்பேன்? எவரோடு பேசத் தோன்றுகின்றது, எவரைக் கண்டால் விலகத் தோன்றுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் நாள்கள் மிகச் சில. அவற்றையே மூத்தோர் கைக்கொண்டு விடுகின்றனர்.

"பணக்காரன், ஏழை, நகரத்தான், நாட்டுப்புறத்தான் என்ற பேதம் இதனால் ஒழிகின்றது" என்று வாதிப்பார் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் 'கடுவ', அதாவது வாள், என்பர். அவ்வாளுக்கு அஞ்சும் கிராமத்துப் பிள்ளையின் நோவு மெய். ஆனால், எல்லாரையும் ஒருங்கே வெட்கப்படுத்துவது சமத்துவமாகுமோ? எல்லார் வீட்டையும் கொளுத்தினாலும் வீடுகள் சமமாகத்தான் கிடக்கும்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் கற்றுச் சென்ற ஒருவன் முதல் விடுமுறைக்கு வந்து என்னைக் கண்டான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டா.

"படிப்பு எப்படித் தம்பி?"

"இன்னும் தொடங்கவில்லை, ஐயா."

விரிவுரைகள் தொடங்கி ஏழு வாரம் சென்றிருந்தன. இரவெல்லாம் மூத்தோர் அறையில் நின்று, பகலில் விரிவுரை மண்டபத்தில் உறங்கியிருக்கின்றான். அவர்கள் இட்ட பட்டப்பெயரைக் கேட்டேன். உங்கள் முன் சொல்லத்தகாதது என்றான். பின்னர், சற்றே முகம் மலர்ந்து, "அடுத்த வருஷம் நானும் சீனியர்தானே, ஐயா" என்றான். அம்மலர்ச்சி கண்டே யான் அஞ்சினேன். தன்னைத் தேடச் சென்றவன் ஒரு பதவியைக் கண்டு மீண்டிருக்கின்றான்.

நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரித்தார். முன்னே வந்தவன் தலை, பின்னே வந்தவன் கடை என்று அவர் கொண்டாரல்லர். கொள்ளும் திறமே அவருக்கு அளவுகோல். தலைமாணாக்கருக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று பசு. வயிறார மேய்ந்த பசு ஓரிடத்திற் கிடந்து அசைபோடும். கிடக்கவே விடாது இரவெல்லாம் நிறுத்திவைத்தால் எதனை அசைபோடும்?

விடுதிக் காப்பாளர் இரவு எட்டு மணிக்கு மேலும் மாடிப்படி ஏறல் வேண்டும். விரிவுரையாளர் முதல் வாரத்திலேயே பெயர் கேட்டு, மறுநாள் அப்பெயராலேயே அழைத்தல் வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஒரு பழந்தமிழ்ச் சொல்லை நினைவூட்டுகின்றேன்: எதிர்கொள்ளல். விருந்தினர் வரும் வழியிற் சென்று நின்று அழைத்து வருதல். பேருந்து நிலையத்துக்குப் போங்கள். பெட்டியின் ஒரு பிடியை வாங்குங்கள். நூலகம் எத்திசை, நல்ல தண்ணீர் எங்கே, எந்தச் சாப்பாட்டுக் கடையிற் கடன் தருவார்கள் என்பதைச் சொல்லுங்கள். பிறகு சில வாரம் அவனைத் தனியே விடுங்கள்.